நான் அவர்கள் ஆள் இல்லை என்ற கடிதம்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், ஒரு பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தரை துடைக்கிறேன். சம்பளம் தருவது காண்ட்ராக்டர். பல்கலைக்கழகம் அதில் கவனமாக இருக்கும். ஒருமுறை படியில் வழுக்கிக் கால் வீங்கி, அங்கேயே இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். ஸ்டாஃபுக்கு மட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வழுக்கிய படியும் நான் துடைத்ததுதான்.

போன வருடம் கணிதத் துறையில் விரிவுரையாளர் வேலை காலியானது. என் மகள் கணிதத்தில் பெரிய படிப்பு முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி: உறவினர் யாராவது இங்கே பணிபுரிகிறார்களா?

"இல்லன்னு போடு" என்றேன்.

"தினம் அங்கதான போற? எப்படிம்மா இல்லன்னு போடறது?"

"நான் போறது கக்கூஸ் கழுவ லா. அத அவங்க வேலையில சேக்க மாட்டாங்க."

கேட்கவில்லை. 'ஆம், தாயார், துப்புரவு' என்று எழுதினாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தது என் தப்பு.

இண்டர்வியூ அன்று அந்த அறையைத் துடைத்துத் தண்ணீர்ப் போத்தல் வைத்தது நான்தான். மகள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். பேசிக்கொள்ளவில்லை. நியாயம் கெட்டுவிடக் கூடாதே.

பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளாம். கடைசியில் துறைத் தலைவர் பாரத்தைப் பார்த்தாராம். தாயார் இருக்கும் இடத்தில் மகளை எடுத்தால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்கள், எல்லாருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்றாராம்.

வேலை ஒரு பையனுக்குப் போனது. அவன் அறையை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஆபீஸ் பூராவும் கல்யாணப் பத்திரிகை வந்தது. பையன்தான் மாப்பிள்ளை. பெண், தலைவரின் மகள். உறவினர் இல்லை என்று எழுதியிருப்பான். சரிதான், அன்றைக்குத் தாலி கட்டவில்லை. எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஸ்டாஃபுக்கு மட்டும்.

இந்த வருடம் இன்னோர் இடம் காலி. மகள் போட மாட்டேன் என்றாள். நான் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் ரெம்பியா ஊரிலிருந்து வேலைக்கு வரும் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி.

"ஏம்மா, நான் இங்க ஸ்டாஃபா?"

"என்ன ஆண்டி திடீர்னு? நீங்க காண்ட்ராக்ட் லா."

"அத எழுதிக் குடு."

"எதுக்கு, கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

"அதுக்கும் ஸ்டாஃபா இருக்கணும்ல? நான் உங்க ஆளு இல்லன்னு எழுதுங்க, போதும்."

உள்ளே போய்க் கேட்டு வந்தாள். அங்கே எந்தக் கடிதத்துக்கும் வாரக்கணக்கில் அலைய வேண்டும். இதற்குப் பத்து நிமிடம். சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மலாயில் இருந்தது. மகள் வீட்டில் படித்துச் சொன்னாள்: இவர் எங்கள் பணியாளர் அல்லர், எப்போதும் இருந்ததில்லை.

பன்னிரண்டு வருடத்தில் என் பேர் போட்டு அவர்கள் கொடுத்த முதல் கடிதம்.

மகள் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு பாரத்தை எடுத்து, அந்தக் கேள்விக்கு நேரே 'இல்லை, கடிதம் இணைப்பில்' என்று எழுதினாள்.

இண்டர்வியூ வரும் வியாழன். அன்றைக்கும் அந்த அறையைத் துடைப்பது என் முறை.