தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி

எங்கள் தையல் கூடத்தில் செய்கிற வேலைதான் பெயர். காலர் வைக்கிறவள் காலர்காரி. நான் பட்டன். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர், அதைப் போடுகிறவள் காஜா அக்கா. அவள் போட்ட துளைக்கு நேராக நான் பட்டன் வைக்க வேண்டும் என்பதால் எங்கள் மெஷின்கள் அடுத்தடுத்து இருந்தன.

பட்டன் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். காஜா தப்பினால் சட்டை போச்சு. தையல் முடிந்த நொடியில் மெஷினுக்குள் இருக்கும் குட்டிக் கத்தி நடுவில் கீறிவிடும். பதினெட்டு வருடத்தில் அக்காவின் கை தப்பியதில்லை. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஒரே வாரத்தில் பதினோரு சட்டை வீணானது. சூப்பர்வைசர் திட்டவில்லை. "கொஞ்ச நாள் பிசிறு வெட்டுங்கக்கா" என்று சொல்லி, தொங்கும் நூலைக் கத்தரிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

கண் டாக்டர் ஆபரேஷன் செய்யத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டுக்குக் கீழே வர வேண்டும் என்றார். அக்காவுக்குப் பதினொன்று.

அவளுக்கு அவசரம் இருந்தது. அவள் கணவர் வெளிநாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். போய் நாலு வருடத்தில் ஒரு முறைதான் வந்திருக்கிறார். இந்த வருடக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவார். அக்காவுக்குத் திரையில் தெரிவது ஈரத்தில் கலைந்த மை மாதிரி ஒரு முகம்.

"அவர் வரும்போது நல்லா பார்க்கணும்டி. தடவிப் பார்த்தா தெரிஞ்சுக்க முடியும்?" என்பாள்.

சர்க்கரை இறங்கவில்லை. ஐந்து வருடமாக மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சர்க்கரை டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். பதினாறு இருபதானது, இருபது இருபத்தெட்டானது. சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கக்கா, தலையணைக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?" என்று காலர்காரி கேட்டாள். கூடமே சிரித்தது.

"உன் நாக்கைத்தான் வச்சிருக்கேன். தித்திப்பா பேசுறியே" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் யாரோ பிறந்தநாள் கேக் கொடுத்தார்கள். அக்கா தன் துண்டைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கென்று காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது. எல்லோரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். அவள் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை வாயெல்லாம் கிரீமோடு வாசலில் நின்றதை நான் பார்த்தேன். அதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் நடுவில் எனக்குக் குரல் வராது.

மதிய ஊசிக்கு நான்தான் துணை. துணிக்கட்டு அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கதவில் முதுகை வைத்துக்கொண்டு வெளியே நிற்பேன். கண் மங்கிய பிறகு உள்ளே கூப்பிட ஆரம்பித்தாள். "பட்டன், மருந்து இருபத்தெட்டுக் கோட்டுல நிக்குதா பாரு." அப்படித்தான் அந்த இடத்தைப் பார்த்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம், நாலு விரல் தள்ளி. தேட மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள், கட்டை விரல் தானாகப் போய் உட்காரும். அங்கே தோலுக்கு அடியில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு. ஊசி போடுகிறவர்களுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் முழுக்க ஊசியோடு வேலை செய்தாலும், தன் உடம்பில் ஊசி என்றால் அவளுக்குப் பயம். "ஊர்ச் சட்டைக்கெல்லாம் ஓட்டை போடுறீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா நடுங்குறீங்களே" என்று காலர்காரி கிண்டல் செய்வாள். முதல் வருடம் முழுக்கக் கணவர்தான் போட்டுவிட்டார். வெளிநாடு கிளம்பிய அன்று காலையில் தன் நாலு விரலை வயிற்றில் வைத்து அளந்து, "இங்க போடு. இங்கதான் உனக்கு வலிக்காது" என்று காட்டிவிட்டுப் போனாராம். ஒரே ஒரு முறை அக்கா இதை எனக்குச் சொன்னாள்.

அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போனபோது நானும் உடன் போனேன். புதிதாக ஒரு நர்ஸ். எண்ணைப் பார்த்ததும் முதல் கேள்வி, "என்னம்மா சாப்பிடுறீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி ஒரு வருடமாக அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, "அவங்க தப்பா எதுவும் சாப்பிடுறதில்ல" என்றேன். நர்ஸ் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"சரி, ஊசி எங்க போடுறீங்க? காட்டுங்க."

அக்கா காட்டினாள். நர்ஸ் மூன்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை வருஷமா இங்கயே?"

"நாலு... அஞ்சு."

"இடத்தை மாத்தி மாத்திப் போடணும்னு யாரும் சொல்லலையா?"

"இங்கதான் போடணும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"வீட்டுக்காரர்."

"அவர் என்ன, டாக்டரா?"

"வெல்டர்" என்றாள் அக்கா.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அம்மா, இது கொழுப்புக் கட்டி. ஒரே இடத்துல குத்திக் குத்தி வந்தது. இங்க வலி தெரியாது, உண்மைதான். ஆனா மருந்தும் உள்ள சரியா போகாது. பஞ்சு மூட்டையில தண்ணி ஊத்துற மாதிரி, பாதி அங்கயே நின்னுடும். இனிமே இதைத் தொடவே கூடாது. புது இடத்துல போட்டா மருந்து முழுசா பிடிக்கும், அதனால அளவைக் குறைக்கணும். இல்லேன்னா சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்துடும்." டாக்டரிடம் கேட்டு வந்து இருபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா இடது கையை வயிற்றில் வைத்தபடியே வந்தாள். திருட்டுத் தீனி என்ற பழி போய்விட்டதே, சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் துணிக்கட்டு அறையில் கட்டை விரல் பழைய இடத்துக்கே போனது.

"அக்கா, அங்க வேணாம்."

"உனக்கென்னடி தெரியும்" என்றாள். பிறகு ஊசியைப் பிடித்தபடியே ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். "இங்க போடும்போது கண்ணை மூடிக்குவேன். அவர் போட்டு விடுற மாதிரியே இருக்கும். ஒரு நாளைக்கு மூணு தடவை. வேற இடத்துல போட்டா நானே போட்டுக்கிற மாதிரி ஆயிடும்."

வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அவரைப் பார்க்க வேணாமா?" என்றேன்.

துணிக்கட்டிலிருந்து எழுந்து வலப்பக்கம் மாற்றிக் குத்தினாள். துள்ளிவிட்டாள். நாலு வருடத்தில் முதல் முறை வலித்திருக்கிறது. ஆனால் ஊசியில் இருந்தது இருபத்திரண்டு அல்ல, இருபத்தெட்டு. "குறைச்சா ஆபரேஷன் தேதி தள்ளிப் போயிடும். ஏத்தியே போடலாம்" என்று மருந்தை ஏற்றும்போதே சொல்லியிருந்தாள். அந்தக் கோட்டை அவளுக்காகப் பார்த்துச் சொன்னவள் நான். தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டு மேசைக்குப் போனாள். இரண்டு மணிக்குப் பக்கமாக அவள் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, ரவிக்கை நனைந்திருந்தது. கை நடுங்கியது. ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. ஓடி வந்தவர்கள் தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள். காலர்காரி டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு, "ஐயோ, இவங்களுக்கு இது ஆகாதே" என்று திகைத்து நின்றாள்.

"குடு! சர்க்கரைதான் வேணும், கரைச்சுக் குடு!"

கத்தியது நான்தான். கூடமே திரும்பிப் பார்த்தது.

இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் இறங்கிய பிறகு அக்கா கண்ணை நன்றாகத் திறந்தாள். காலர்காரி அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "ஒரு வருஷமா நீங்க சர்க்கரை தின்னீங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில என் கையாலயே ஊட்ட வச்சிட்டீங்களேக்கா" என்றாள். சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

அன்று முதல் நர்ஸ் எழுதிக் கொடுத்த அளவுதான். வலப்பக்கம், தொடை, மறுபடி வலப்பக்கத்தில் வேறு இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வழக்கம்போலக் கேட்டார். "ஊசி சரியா போடுறியா? நான் காட்டின இடத்துலதானே?"

"அங்கதான்" என்றாள் அக்கா. "வலிக்கவே இல்ல."

மாதம் போகப் போக மேடு இளகி வந்தது. நர்ஸ் தொட்டுப் பார்த்து, நன்றாகக் கரைகிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னாள். அக்காவும் அவ்வப்போது சட்டை நூலைக் கத்தரித்துக்கொண்டே இடது கையை அங்கே வைத்துப் பார்ப்பாள். எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்ப்பது போல இருக்கும்.

மூன்றாவது மாதம் ஏழு புள்ளி ஆறு. முதல் கண்ணுக்குத் தேதி கிடைத்தது.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் கணவர் கூப்பிட்டார். ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்களாம். இந்த வருடம் வர முடியாது, அடுத்த வருடம் பாதியில் பார்க்கலாம் என்றார். அக்கா, "சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள். ஆபரேஷனை ஒத்திப்போடுவாளோ என்று பயந்தேன். அவள் குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

கண்ணுக்கு மருந்து விட நான் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கட்டுப் பிரித்த முதல் ஞாயிறு, மருந்து விட்டு முடிக்கும்போது போன் அடித்தது. அக்கா அதைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டே கொண்டு வந்தாள், மறுபடி கொஞ்சம் தள்ளினாள்.

"என்னம்மா, தெரியுதா?" என்றார் அவர்.

"என்னங்க, இவ்வளவு நரைச்சுப் போச்சு?"

"எப்பவோ நரைச்சாச்சு. நீதான் பார்க்கல."

"கன்னம் ஒட்டிப்போயிருக்கு."

"வேலை அப்படி."

"நெத்தியில என்ன அது, தீப்பொறி பட்டதா?"

அவர் கையால் மறைத்தார். "பழசு. ஆறிப்போச்சு."

"கையை எடுங்க" என்றாள் அக்கா.

நான் மருந்துப் புட்டியை மூடி அலமாரியில் வைத்தேன். கிளம்புகிறேன் என்று சைகை காட்டினேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. இன்னும். அப்படியே நில்லுங்க. பேச வேணாம், சும்மா நில்லுங்க."

அவர் நின்றார்.