தவக்காலத்துக் கீரை

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய பிறகு என் நெஞ்சுக்குள் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்து குடியேறியது. சர்ச்சில் பூசையின்போது நற்கருணை வாங்கியபின் வரும் அமைதியில், முன் வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் மனைவிக்கு மட்டும் அது பிடித்திருந்தது. அது காதில் விழுந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

சேலத்தில் லாரி புக்கிங் ஆபீசில் கத்திக் கத்தியே பிழைத்தவன் நான். ஆபரேஷனுக்குப் பிறகு அடங்கி நடந்தேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. போன தவக்காலத்தில் வழக்கம்போல வீட்டில் கவுச்சியை நிறுத்தினோம். என் உடம்பு தேறட்டும் என்று அவள் தினமும் கீரை சமைத்தாள். முருங்கை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை என்று மாற்றி மாற்றி வைத்தாள். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

தவக்காலத்தின் கடைசி வாரம், குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் காலை, காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, சத்தமே கேக்கலீங்களே."

"அதெல்லாம் இருக்கும். போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதை அவளிடம் சொல்லவில்லை. அவள் என் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். உடனே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. மருந்து ஏற்றிக் கரைத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார்கள். நல்லவேளை, கரைந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு, வால்வில் இப்படி ரத்தம் கட்டுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு படிவத்தை எடுத்து, தினமும் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு எழுதினார். என் மனைவி பெருமையாகக் கீரைகளை அடுக்கிக்கொண்டே போனாள். மருத்துவரின் பேனா நின்றது. கீரை திடீரென்று அதிகமானால் அந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

மனைவியின் முகம் செத்துப்போயிற்று.

"என் கையாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதிக்கோங்க சாமி."

"அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க சரியா எடுத்துச் சொல்லலைன்னுதான்மா எழுதப்போறேன்" என்றார் மருத்துவர். கீரையை விட்டுவிட வேண்டாம், எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றும் சொன்னார்.

மனைவி நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தெருவில் கீரைக்காரம்மா குரல் கேட்டால் கதவைச் சாத்தினாள். நேற்று நானே ஒரு கட்டு வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். ஆய்ந்தாள், கடைந்தாள். என் தட்டில் ஒரே ஒரு கரண்டி வைத்தாள். நான் தின்று முடிக்கும்வரை என் இடது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.