கார் வேண்டாம் என்று சொன்ன நாள்

அண்ணாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட வேண்டுமென்றுதான் ஒஸ்லோவிலிருந்து தெற்கு இத்தாலியின் அந்தத் துறைமுக நகரத்துக்கு ஓடிப்போனேன். ரயிலை விட்டு இறங்கும்போது மணி பத்தரை. அண்ணி போனில் வந்தார்.

"பன்னிரண்டு மணிக்கு உள்ளை கொண்டு போயிடுவினம். பக்கத்து வீட்டுக்காரர் காரோடை நிக்கிறார், அனுப்பட்டே?"

"வேண்டாம் அண்ணி, அவருக்கு ஏன் கரைச்சல்? நான் பஸ்ஸிலை வாறன்."

இருபத்தைந்து வருடமாக ஒஸ்லோவின் புறநகரான புருசெத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வேலைக்குப் போய் வருகிறவள் நான். ஒருவரிடம் கார் கேட்பதென்றால் அங்கே இருக்கிற எங்களுக்கு உயிர் போகும். தரிப்பிடப் பலகையில் நான்கு நிமிடத்தில் பஸ் என்று போட்டால் நான்கு நிமிடத்தில் வரும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

இங்கேயும் பலகை நான்கு நிமிடம் என்றது. பத்து நிமிடம் கழித்தும் அதையே சொன்னது. ஒஸ்லோவில் நிற்பதுபோல மற்றவர்களை விட்டு எட்டி, வாயை மூடிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. என்னைத் தாண்டிப் போயே போய்விட்டது. பின்னால் நின்ற கிழவர் என்னைத் திட்டியபடி கையை உயர்த்திக் காட்டினார். இந்த ஊரில் கை காட்டினால்தான் பஸ் நிற்குமாம். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அடுத்த பஸ்ஸில் ஏறியபோது பதினொன்று பத்து. சந்தைத் தெருவில் யாரோ காரைக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாரதி ஹோர்ன் அடித்தார், பிறகு இறங்கிக் கார்க்காரரைத் தேடிப் போனார். இறங்கி ஓடலாம், ஆனால் எந்தப் பக்கம்? பஸ் நிறைய ஆட்கள். ஒருவரிடமாவது போனில் ஆஸ்பத்திரியின் பெயரைக் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி அண்ணி. "எங்கை நிக்கிறியள்?"

"கிட்ட வந்திட்டன்," என்றேன். கிட்டவா தூரமா என்று எனக்கே தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். அண்ணாவின் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி தனியே இருந்தார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அறுவைச் சிகிச்சை அறையின் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் எழுந்து எழுந்து இருந்தேன்.

மாலையில் வைத்தியர் வந்து, நல்லபடி முடிந்தது என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் கிட்ட வந்திட்டியள் எண்டு அவரிட்டைச் சொன்னனான். கக்கூசுக்குப் போகோணும் எண்டு சொல்லி ரெண்டு தரம் தாதிமாரை மறிச்சவர். மூண்டாந்தரம் அவை விடேல்லை."