கச்சான் காற்றும் லொறி ரியூபும்

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருடைய மனைவி சொல்லலாமா? சொல்லலாம் என்று நினைத்துச் சொல்லியும் பார்த்தேன். சரியா பிழையா என்று இன்னும் தெரியவில்லை.

என் கணவருக்குத் திருகோணமலைக் கந்தோருக்கு வேலை மாற்றம் கிடைத்து, உப்புவெளிப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தபோது மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் காசு கொடுத்து மீன் வாங்குவது வெட்கக்கேடு என்று கந்தோரில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். வள்ளம் வாங்க வசதியில்லை. ஆகவே ஒரு பழைய லொறிச் சக்கரத்து ரியூப் வந்து சேர்ந்தது. இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்த காலம். அதில் ரப்பரைவிட ஒட்டுத்தான் கூட. நடுவில் சாக்கைக் குறுக்கே கட்டி, அதில் அமர்ந்து, காலை நீருக்குள் தொங்கவிட்டு, தங்கூசி நூல் தூண்டிலுடன் மிதப்பதுதான் திட்டம். ஒத்திகை விறாந்தையில் நடந்தது. கந்தோர்க் கதிரையில் இருப்பதுபோலவே நிமிர்ந்து இருந்தார்.

நீந்தத் தெரியுமா என்று கேட்டேன்.

"ரியூப் மிதக்கும்தானே?" என்றார்.

முதலில் கடல் குளம் போலக் கிடந்தது. கரையோரமாகவே மிதந்தார். கறிக்கென்று நான் வாங்கும் இறாலில் நல்லதெல்லாம் இரைக்குப் போனது. நசிந்ததை நாங்கள் சாப்பிட்டோம். மீன்கள் எங்களைவிடக் கௌரவமாக வாழ்ந்தன. ஒருமுறை உள்ளங்கை அளவில் ஒரு கீளி மீன் அகப்பட்டது. பொரிப்பதற்கு முன் அயல்வீட்டார் எல்லோரும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியது. தூண்டிலோடு அவர் புறப்பட்டபோது நான் முற்றத்தில் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, கொடியிலை கிடக்கிற துணியெல்லாம் கடலுக்கு நேரே பறக்குது. இண்டைக்கு வேண்டாமே."

"கச்சான் அல்லோ? அது கரைக்குத் தள்ளுற காத்து. எங்கடை ஊரிலை மரக்கட்டையெல்லாம் தானா வந்து ஒதுங்கும்."

"உங்கடை ஊரிலை கடல் மேற்கிலை. இஞ்சை கிழக்கிலை."

"பள்ளிக்கூடச் சோதினையிலை பூமிசாத்திரத்துக்குத் திறமைச்சித்தி எண்டு எனக்குக் கடல் படிப்பிக்க வராதை."

வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை நான்தான் பிழையோ என்றும் யோசித்தேன். காற்றுக்கும் அவருடைய ஊர் தெரிந்திருக்கலாம்.

காற்றுக்குத் தெரியவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நான் பார்த்துக்கொண்டிருக்க, ரியூப் மெல்ல விலகியது. அவர் கைகளால் துழாவினார். ரியூப் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி இன்னும் தூரம் போனது. கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். கரையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர.

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த, குடாவுக்கு அக்கரை மூதூர்க்காரர்களிடம் ஓடினேன்.

"ஆரு தங்கச்சி அது? பேரச் சொல்லுங்க, கூப்பிட்டுப் பாப்பம்."

"பிள்ளையின்ரை அப்பா."

"எந்தப் புள்ளைட?"

மகளைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தண்டு வலித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கறுப்புப் புள்ளியை அலை மறைத்தபோதெல்லாம் மகளை இறுக்கிப் பிடித்தேன், அவள் வீறிட்டாள். ஒருமுறை புள்ளி மறைந்து, திரும்பத் தெரிய வெகுநேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் அவருடைய பெயரைச் சொன்னேன். மெதுவாகத்தான். காற்று அதையும் கடலுக்குத்தான் கொண்டுபோனது.

ரியூபை மடியில் வைத்தபடி வள்ளத்தில் வந்து இறங்கினார்.

"மூதூருக்குப் போறதெண்டா துறையில லோஞ்சி இருக்கே ஐயா," என்றார் வள்ளக்காரர்.

"நான் காத்துத் திரும்பட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள்தான் அவசரப்பட்டு ஏத்திப்போட்டியள்."

"ஓம் ஐயா, இன்னும் நாலு மாசத்தில திரும்பும்."

வீட்டுக்கு வந்தோம். சுடச்சுடத் தேநீர் கொடுத்தேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் ரியூபை இன்னும் மடியிலிருந்து இறக்காமலே தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மகள் இப்போது நடக்கிறாள். கச்சான் மறுபடியும் தொடங்கிவிட்டது. ரியூப் பெரிதாக இருந்ததால்தான் காற்று அதைப் பிடித்தது என்று அவர் தீர்மானித்திருக்கிறார். போன கிழமை ஒரு சிறிய கார் ரியூப் வாங்கிவந்தார். தனக்கல்ல, மகளுக்கு. கடலுக்குப் பயந்த பிள்ளையாக அவள் வளரக்கூடாதாம். தன்னுடைய ரியூபுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவாராம். மகளோ அதற்குள் ஏறி இருந்துகொண்டு இறங்க மறுக்கிறாள்.

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் காற்று என்று தொடங்கினால் பூமிசாத்திரம் வரும். கடல் என்று தொடங்கினால் அவருடைய ஊர் வரும். போன வருடத்து வள்ளத்தை நினைவூட்டினால் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இராது. பிள்ளைக்காக அதையும் தாங்குவேன். அனுபவமுள்ள தாய்மார் யாராவது சொல்லுங்கள்: நான் எதிலிருந்து தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொன்னால் நல்லது.