கடமான் கத்தியும் நிற்காதவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த மறுவாரம். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. திண்டுக்கல்லில் பஸ் ஏறி, பொள்ளாச்சி தாண்டி, ஆனைமலைக் காட்டில் இருக்கும் புலிகள் காப்பகத்துக்குப் போனோம். ஆசைப்பட்டுக் கூட்டிப் போனவர் அவர்தான். நான் அரைமனதாகத்தான் கிளம்பினேன். அப்போது நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

பின்னே என்ன? ரொம்ப நாளாகவே நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அடுப்படியிலிருந்து தொண்டை வறளக் கத்துவேன், அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நம் பேச்சுக்கு மரியாதை அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு வழிகாட்டி ஒருவர் எங்களையும் வேறு நான்கு பேரையும் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போனார். மூங்கிலுக்கு நடுவே பனி அசையாமல் நின்றது. வெயில் இலைகளுக்குள் புகுந்து துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. சில்வண்டுச் சத்தம் காதைத் துளைத்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர், "எம்புட்டு அமைதியா இருக்கு பாத்தியா புள்ள" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மரத்தில் புலி நகத்தால் கீறியிருந்த தடத்தை வழிகாட்டி காட்டினார். எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். என் கணவர் மட்டும் மேலே அண்ணாந்து பார்த்தபடி தனியாக முன்னால் போய்விட்டார். அப்போதுதான் கடமான் ஒன்று கத்தியது, வெண்கலப் பானை தரையில் விழுந்த மாதிரி. வழிகாட்டி கையைத் தூக்கினார். "புலி பக்கத்துல இருக்குதுங்க, யாரும் அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார்.

நாங்கள் நின்றுவிட்டோம். என் கணவர் நிற்கவில்லை. கடமான் மறுபடியும் மறுபடியும் கத்தியது. அவருக்குச் சற்று முன்னால் பாதையோரப் புல் அசைந்து, உள்ளே மஞ்சள் நிறம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்திராதீங்க அக்கா. மிரண்டா அவரு மேலயே பாஞ்சுரும்."

குரலைத் தாழ்த்தி, "ஏங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. காடே அதிரக் கத்தும் கடமானுக்கே திரும்பாத மனிதர் என் குரலுக்கா திரும்புவார்? அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இவருக்குக் காது கேட்கவில்லை. ஐயோ கடவுளே, இத்தனை நாளும் கேட்கவேயில்லை.

நல்லவேளை, நான் வருகிறேனா என்று அவராகவே திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் காட்டினேன். மில் இரைச்சலில் கைச்சாடையாலேயே பேசிப் பழகியவர், அப்படியே நின்றார். புலி வெளியே வந்தது. அவசரமே இல்லாமல் பாதையைக் கடந்தது. நடுவில் நின்று அவரை ஒரு முறை பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு அது பனிக்குள் போய்விட்டது. கனவு கண்டவள் போல நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எத்தன நாளா கேக்கல?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"ரெண்டு வருசமா மந்தம்தான். மெஷின் சத்தம். தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு யார்ட்டயும் சொல்லல."

"எங்கிட்டயுமா?"

"ஒங்கிட்ட சொன்னா இந்தா, இப்படித்தான் அழுவ."

திரும்பும்போது வழியெல்லாம் அவருக்கு முன்னால் வந்து நின்று, "இது மரங்கொத்தி, இது குரங்கு" என்று ஒவ்வொரு சத்தத்தையும் சொல்லிக்கொண்டே வந்தேன். சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார்.

இப்போது காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். வேலை போகவில்லை, சத்தம் குறைந்த பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அத்தனை நாள் கோபத்தில் ஒரே ஒரு நாள் அடுப்படியை விட்டு எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே நின்றிருந்தால் போதும், இதைத் தெரிந்துகொள்ள நான் புலி வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.