கொதித்தாறிய ஒரு போத்தல் தண்ணீர்

போன வாரம் பன்விலவில் இருக்கும் புஷ்பம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு நல்ல செய்தி... அதனால் மழையைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

கண்டியில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் செல்வராஜ் அண்ணன். ஆடி மாதம் இறந்துபோனார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அவருடைய மனைவி புஷ்பம் அக்காவின் போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள் — குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின், அதிலுள்ள அழுக்கோடு சேர்ந்து வேறு ரசாயனமாக மாறுமாம். வருஷக்கணக்காகக் குடித்தால் இதே நோய் வருமாம். துக்க வீட்டுக்கு அனுப்புகிற வீடியோவா இது?

"என் கையாலதானே தம்பி ஊத்திக் குடுத்தேன்..." அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

பேராதனையில் வேதியியல் படிப்பிக்கும் நண்பரிடம் கேட்டேன். சோதனைக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்துவர ஒரு போத்தல் தந்தார். கூடவே கட்டளைகள் — கழுவக்கூடாது, முட்ட நிரப்ப வேண்டும், காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அக்கா எல்லாம் செய்தார். முடிவு வந்தது. அந்த ரசாயனங்கள் கிட்டத்தட்ட இல்லை!

சொன்னேன். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நல்லா தளதளன்னு கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தானே ஊத்துனேன். பெரிய எடத்துக்குப் போற தண்ணி... பச்சத் தண்ணியவா தம்பி குடுத்து விடுறது?"

வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காத குடும்பம். ஆய்வுகூடத்துக்கும் அதே மரியாதை! வாசலுக்குப் போய் நண்பருக்குப் போன் பண்ணினேன்.

"கொதிக்க வைச்சா அதுகள் ஆவியாப் போயிடும். இது குழாய்த் தண்ணியின்ர சோதனை முடிவு இல்லை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தன்ர மனுசனுக்கு அவ என்ன தண்ணி குடுத்தவ எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

"கொதிச்ச தண்ணிதான் தம்பி. கல்யாணம் கட்டுனதுலருந்து ஒரு நாளும் பச்சத் தண்ணி குடுத்ததில்ல."

சோதனைக்குத் தவறான தண்ணீர்தான். ஆனால் அக்கா குழாயைப் பற்றியா கேட்டார்? தன் கையைப் பற்றியல்லவா கேட்டார்?

"நீங்க குடுத்த தண்ணியில ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்?

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப... எதனால தம்பி போனாரு?"

அதைச் சோதிக்க என் நண்பரிடம் போத்தல் இல்லை.