செங்கல்லின் மேல் போட்ட பழி

மணலூர்பேட்டைச் சத்திரத்துச் சுவரைப் பொறியாளர் தட்டினார். பொத்தென்று சத்தம் கேட்டது. சிமெண்டுப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் தோலும் ஒட்டியிருந்தது.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீட்டு மறியலுக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பழைய சத்திரத்துச் சுவரை மறுபடி பூச வேண்டிய சிமெண்டு லாரி வரவில்லை. அதனால் சித்தாள் வேலை பார்த்த என் அம்மாவும் மற்றப் பெண்களும் சுண்ணாம்பு அரைத்தார்கள். அதில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் புளித்த வாசனை தெருமுனை வரை வரும். பாதிச் சுவர் பூசி முடித்தபோது சாலை திறந்துவிட்டது.

"சுண்ணாம்ப மூடுங்கடி, லாரி வந்துகினு கீது" என்று மேஸ்திரி குதித்தார்.

"இன்னும் ஒரு வாரம் மறியல் நடந்திருந்தா செவுரே முடிஞ்சிருக்கும் மேஸ்திரி" என்று அம்மா சிரித்தாள்.

சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். சிமெண்டு பூசிய மீதிப் பாதியில் அப்படி அடைபட்ட ஈரம்தான் செங்கல்லை அரித்தது. சுண்ணாம்பு பூசிய பாதி இன்றும் கல்லாக நிற்கிறது.

பொறியாளரோ, "பழைய செங்கல்லு மட்டம்ங்க, இடிச்சிடலாம்" என்றார்.

"அந்தப் பாதியிலயும் இதே செங்கல்லுதானே சார்?" என்று கத்தினேன்.

"அதையும் சேத்துதாங்க இடிக்கணும். முழு செவுத்துக்கும் எஸ்டிமேட்டு போட்டாச்சு."